தண்டவாளத்தில் ஓடும் இருநிலை எண்கள்

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற ரயில் எஞ்சின் டிரைவர் ஒருவர் இருக்கிறார். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக வேலைக்குச் சேர்ந்து, டீசல் எஞ்சின் டிரைவராக ஓய்வுபெற்றவர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவருடைய மகன் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, பழைய மாதிரி ரயில் எஞ்சின் ஒன்றையும் கொஞ்சம் தண்டவாளத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, தபால்தலை அளவில் இரண்டு மின்சுற்றுப் பலகைகள், ஒரு சின்ன ஸ்பீக்கர். பலகைகளை எஞ்சினுக்குள் பொருத்துவதற்குள் அவருடைய விடுமுறை முடிந்துவிட்டது.

"இந்த எஞ்சின் பேசும்னு பையன் சொன்னான். ஊமையா நிக்குது. நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே தம்பி, கொஞ்சம் பாருங்க" என்று அட்டைப்பெட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார் பெரியவர்.

எனக்கு மாதிரி ரயில் பற்றி அன்றுவரை ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் படித்தேன், ஒரு பலகையை எரித்தேன், இன்னொன்றை ஓடவைத்தேன். இதற்கிடையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் நான் ஆண்டுதோறும் நடத்தும் மின்காந்தவியலும் ஒலியியலும் அந்த ஒரு சாண் நீள எஞ்சினுக்குள் அடங்கியிருப்பதைக் கண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பழைய முறையிலிருந்து தொடங்குவோம். மாதிரி ரயிலின் இரண்டு தண்டவாளங்களும் இரண்டு மின்கம்பிகள். ஒன்றில் நேர்மின், மற்றொன்றில் எதிர்மின். சக்கரங்கள் வழியாக மின்னோட்டம் மோட்டாருக்குப் போகிறது. மின்னழுத்தத்தை 0 முதல் 12 வோல்ட் வரை ஏற்றினால் வேகம் கூடும், முனைகளை மாற்றினால் வண்டி பின்னால் ஓடும். எளிமையான ஏற்பாடுதான். சிக்கல் இரண்டாவது எஞ்சினை வைக்கும்போது வருகிறது. ஒரே தண்டவாளத்தில் ஒரே மின்னழுத்தம் இருப்பதால் இரண்டும் ஒன்றாகவே கிளம்பும், ஒன்றாகவே நிற்கும். தனித்தனியாக ஓட்ட வேண்டுமானால் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். வண்டி நின்றால் மின்சாரம் இல்லை, அதனால் விளக்கும் அணைந்துவிடும். நிற்கும் எஞ்சின் ஒலி எழுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு "எழுந்திரு" என்று பொதுவாகச் சொன்னால் நாற்பது பேரும் எழுவார்கள். ஒருவர் மட்டும் எழ வேண்டுமானால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். டிசிசி எனப்படும் இலக்கமுறைக் கட்டுப்பாடு செய்வது இதைத்தான். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம், ஏறத்தாழ 15 வோல்ட், இருந்துகொண்டே இருக்கும். அந்த மின்சாரத்தின் மேலேயே செய்தியும் ஏறிப் போகும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டீகோடர் என்ற பலகை உண்டு, அதற்கு ஒரு முகவரி எண் உண்டு. எல்லா டீகோடர்களும் எல்லாச் செய்திகளையும் கேட்கும். தன் எண் வந்தால் மட்டும் கீழ்ப்படியும். கடையிலிருந்து வரும் புது டீகோடரின் முகவரி எப்போதும் 3. பிறகு நாம் விரும்பும் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

1970களின் இறுதியிலிருந்தே பல நிறுவனங்கள் இப்படிப்பட்ட முறைகளை விற்றுவந்தன. ஆனால் ஒருவருடைய பெட்டிக்கு இன்னொருவருடைய எஞ்சின் கட்டுப்படாது. ஒரு காலத்தில் ஒவ்வொரு செல்போனுக்கும் ஒரு சார்ஜர் வைத்திருந்தோமே, அந்தக் கதைதான். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம், 1935இல் ஆர்வலர்கள் கூடித் தொடங்கிய அமைப்பு, ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக எடுத்துக்கொண்டு 1994இல் பொதுத் தரத்தை வெளியிட்டது. அதனால்தான் பெரியவருடைய மகன் ஒரு நிறுவனத்தின் பெட்டியையும் வேறு நிறுவனத்தின் டீகோடரையும் கவலையில்லாமல் வாங்கி வர முடிந்தது.

இனி செய்தி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும் பகுதி இதுதான் என்பது என் கருத்து, ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

பெட்டி இரண்டு தண்டவாளங்களின் முனைகளையும் இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த மாற்றத்தால் வண்டியின் திசை மாறாது, ஏனெனில் டீகோடரில் உள்ள அலைதிருத்தி அதை நேர்மின்னோட்டமாக்கிக்கொள்ளும். மாற்றம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிகழ்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒரு பக்கம் 58 மைக்ரோவினாடி, மறுபக்கம் 58 மைக்ரோவினாடி என்று வேகமாக மாறினால் அது 1. ஒவ்வொரு பக்கமும் 100 மைக்ரோவினாடி நீடித்தால் அது 0. குறில், நெடில் போல என்று மாணவர்களிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

3ஆம் எண் எஞ்சினை முன்னோக்கி ஓட்ட வேண்டும், வேகத்தின் 28 படிகளில் 13ஆவது படி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் குறைந்தது பதினான்கு 1கள் வரிசையாகப் போகும். "கவனியுங்கள்" என்று மேசையைத் தட்டுவது போன்றது இது. அடுத்து ஒரு 0, பிறகு முகவரி: 00000011. மீண்டும் ஒரு 0, பிறகு கட்டளை: 01101000. இதில் முதலிரண்டு இலக்கங்கள் இது வேகக் கட்டளை என்று சொல்கின்றன. மூன்றாவது இலக்கம் திசை, 1 என்றால் முன்னோக்கி. மீதியுள்ளவை வேகம். மறுபடி ஒரு 0, பிறகு சரிபார்ப்பு எண்: 01101011. கடைசியில் ஒரு 1, செய்தி முடிந்தது.

அந்தச் சரிபார்ப்பு எண் எங்கிருந்து வந்தது? முகவரியையும் கட்டளையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. கணினி அறிவியல் ஆசிரியர்கள் எக்ஸ்-ஆர் என்று நடத்துவது இதுவே. டீகோடரும் தனக்கு வந்த இரண்டு எண்களை வைத்து இதே கணக்கைப் போடும். விடை பொருந்தாவிட்டால் செய்தியை அப்படியே தூக்கி எறிந்துவிடும். தண்டவாளத்தில் தூசி, சக்கரத்தில் அழுக்கு என்று வழியில் செய்தி சிதைய ஆயிரம் காரணம் உண்டு. சந்தேகம் வந்தால் டீகோடர் ஊகிப்பதில்லை, ஏற்கெனவே இருந்த வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். பெட்டி அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் அடுத்தது சரியாக வந்து சேரும்.

மேலே உள்ள செய்தியில் எத்தனை 1, எத்தனை 0 என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தின் பதினான்கையும் சேர்த்து 1கள் 25, 0கள் 17. ஒரு 1க்கு 116 மைக்ரோவினாடி, ஒரு 0க்கு 200 மைக்ரோவினாடி. ஆக மொத்தம் 6300 மைக்ரோவினாடி. ஒரு வினாடியில் இப்படி 150க்கும் மேற்பட்ட கட்டளைகள் போகலாம். பத்து எஞ்சின்கள் ஓடினாலும் ஒவ்வொன்றுக்கும் வினாடிக்குப் பதினைந்து முறை கட்டளை கிடைக்கும். ஏழாம் வகுப்பு மாணவரே போடக்கூடிய கணக்குதான் இது.

எங்கள் அறிவியல் மன்றத்தில் இதை ஒரு ரூபாய் செலவில்லாமல் விளையாட்டாக்கினோம். முகவரிக்கு நான்கு இலக்கம், கட்டளைக்கு நான்கு, சரிபார்ப்புக்கு நான்கு. குறுகிய கைத்தட்டல் 1, தட்டிவிட்டு "ஆஆ" என்று நீட்டினால் 0. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண். எழுந்து நில், திரும்பு, உட்கார் என்று மூன்று கட்டளைகள். முதல் நாள் ஒரே கூச்சல். இரண்டாம் நாள், தட்டுபவரின் அருகில் இருவரை வைத்து வேண்டுமென்றே இடையில் தட்டச் சொன்னேன். சரிபார்ப்பு எண் இல்லாமல் ஆடியபோது தவறான ஆட்கள் எழுந்தார்கள், சரிபார்ப்போடு ஆடியபோது யாருமே எழவில்லை. "சார், எல்லாரும் உட்கார்ந்தே இருக்கோம், ஆட்டம் போர் அடிக்குது" என்றான் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். "அப்போ திருப்பித் திருப்பி அனுப்பணும் சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள். அதுவரை நான் அவர்களிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு இடங்களில் பிழை வந்து ஒன்றையொன்று மறைத்துவிடுமா என்று அவளே அடுத்த வாரம் கேட்டாள். ஆமாம், மறைக்கலாம். ஒரே இடத்து இலக்கம் முகவரியிலும் கட்டளையிலும் சேர்ந்தாற்போல் மாறினால் சரிபார்ப்பு எண்ணுக்குத் தெரியாது. அதைக் கரும்பலகையில் செய்து பார்த்தோம்.

இனி நான் எரித்த பலகையின் கதை. கொண்டுவந்த இரண்டில் ஒன்று சாதாரண டீகோடர், மற்றொன்று ஒலி டீகோடர். ஒலி டீகோடரின் விலை நூறு யூரோவை ஒட்டி என்று பெரியவர் சொல்லியிருந்ததால் முதலில் சாதாரணத்தைப் பொருத்தினேன். கம்பிகளின் நிறங்களுக்கும் பொதுத் தரம் இருக்கிறது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பவை. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை. எல்லாவற்றையும் நிறம் பார்த்துச் சரியாகவே பற்றவைத்தேன். மின்சாரம் கொடுத்ததும் ஒரு சிறு புகை, பழக்கமில்லாத ஒரு வாடை, அவ்வளவுதான்.

பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை நேராக உலோகச் சட்டத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும். சட்டம் ஒரு தண்டவாளத்தோடு தொடர்பில் இருக்கும். கம்பியை மிச்சப்படுத்த அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு அது. டீகோடர் பொருத்தினால் மோட்டார் இரண்டு தண்டவாளங்களிடமிருந்தும் முழுவதுமாகப் பிரிக்கப்பட வேண்டும். நான் கண்ணுக்குத் தெரிந்த கம்பியை வெட்டினேன். மோட்டாருக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மாணவர்களிடம் "மின்சுற்றை இணைக்கும் முன் சோதி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இன்னொன்றும் செய்திருக்கலாம். பெட்டியில் நிரல் எழுதுவதற்கென்று தனி இணைப்பு உண்டு, அதில் மின்னோட்டம் மிகக் குறைவு. புதிதாகப் பொருத்திய எஞ்சினை முதலில் அங்கே வைத்துப் பார்த்தால் தவறு இருந்தாலும் பலகை பிழைத்துக்கொள்ளும். கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருந்தது. நான் ஆறாம் பக்கத்திலிருந்து படித்தேன்.

பெரியவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "ஃபயர்மேனா இருந்தப்ப நானும் தண்ணி மட்டம் பாக்காம ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றார். ஆனால் மிச்சமிருந்த ஒரே பலகை ஒலி டீகோடர். அதைத் தொட எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

ஒலி டீகோடர் என்பது சாதாரண டீகோடரோடு ஒரு நினைவகச் சில்லும் ஒலிப்பெருக்கியும் சேர்ந்தது. உண்மையான எஞ்சின்களின் அருகில் பதிவுசெய்த ஒலிகள் நினைவகத்தில் இருக்கும். வெறும் பதிவை ஓடவிடுவதல்ல அதன் வேலை. எஞ்சின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கேற்ப ஒலி மாற வேண்டும். அதை டீகோடர் அறிந்துகொள்ளும் விதம் அழகானது.

மோட்டாருக்குப் போகும் மின்சாரம் தொடர்ச்சியானதல்ல. வினாடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுப் போகும் துடிப்புகள் அவை. துடிப்பு அகலமாக இருந்தால் வேகம் அதிகம். இடையிடையே டீகோடர் மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்திவிடுகிறது. அந்தக் கணத்திலும் மோட்டார் சுழன்றுகொண்டுதானே இருக்கும்? காந்தப்புலத்தில் சுழலும் கம்பிச்சுருள் மின்னாக்கியாகிவிடும். அந்த எதிர் மின்னியக்கு விசையை அளந்தால் மோட்டாரின் உண்மையான வேகம் தெரிந்துவிடும். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் டீகோடர் துடிப்பை அகலமாக்கும், சரிவில் குறைக்கும். மோட்டாரையும் மின்னாக்கியையும் இரண்டு தனித்தனிப் படங்களாக வரைந்து நடத்துகிறோம். ஒரே பொருள் ஒரு நொடிக்குள் பல முறை இரண்டாகவும் மாறி மாறி இருப்பதைக் காட்ட எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

கூடுதலாகத் துடிப்பை அகலமாக்க வேண்டியிருந்தால் எஞ்சின் பாரம் இழுக்கிறது என்று பொருள். அப்போது நல்ல ஒலி டீகோடர்கள் நீராவியின் "சுக்" ஒலியைக் கனமாக்கும். பாரம் குறைந்தால் மெல்லிய மூச்சாக்கிவிடும்.

ஸ்பீக்கரில் ஒரு பாடம் இருந்தது. மகன் அனுப்பியது விரல் நகம் அளவுதான். மேசைமேல் வைத்து ஒலிக்கவிட்டபோது கொசு ரீங்காரம் போலிருந்தது. ஸ்பீக்கரின் தாள் முன்னே தள்ளும்போது முன்னால் இருக்கும் காற்று நெருங்குகிறது, பின்னால் நெகிழ்கிறது. இரண்டு அலைகளும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளே அதிகம் அழியும். பின்பக்கத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியால் மூடினால் போதும். தடித்த அட்டையில் ஒரு பெட்டி செய்து ஓரங்களைப் பசையால் அடைத்தேன். ஒலி ஏறக்குறைய இரண்டு மடங்கானது போல் கேட்டது. பழைய செல்போன் ஸ்பீக்கரை வைத்து இதை எந்த வகுப்பிலும் செய்து காட்டலாம். பெட்டியில் ஊசியால் ஒரு துளை போட்டு மீண்டும் கேட்கவையுங்கள்.

பெட்டியை எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டருக்குள் வைத்தேன். இம்முறை மல்டிமீட்டர் வைத்து மூன்று தடவை சோதித்தேன். ஒரு சனிக்கிழமை மாலை பெரியவர் வீட்டுத் திண்ணையில், மன்ற மாணவர்கள் ஆறு பேர் சூழ, எஞ்சின் நின்ற இடத்திலேயே மூச்சுவிடத் தொடங்கியது. ஊதல் ஊதியது. கிளம்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பெரியவர் கைதட்டவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தட்டு தப்பா வருது தம்பி."

எனக்குப் புரியவில்லை. அவர் சக்கரத்தைக் காட்டினார். "ரெண்டு சிலிண்டர் எஞ்சின் இது. ஒவ்வொரு சிலிண்டர்லயும் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை ஸ்டீம் வெளிய போவும். சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு தட்டு. இது நாலு தட்டல."

ஒரு மாணவி பெரிய சக்கரத்தின் ஓரத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைத்தாள். இன்னொருவன் என் செல்போனில் மெதுவோட்டக் காணொளி எடுத்தான். பத்துச் சுற்றுக்கு 37 தட்டுகள். பெரியவர் சொன்னது சரி.

டீகோடருக்குள் எண்ணிடப்பட்ட நினைவிடங்கள் பல உண்டு. 1இல் முகவரி, 3இல் வேகமெடுக்க ஆகும் நேரம், 4இல் நிற்க ஆகும் நேரம், 5இல் உச்ச வேகம் என்று இவை எல்லா நிறுவனங்களுக்கும் பொது. ஒலியைச் சக்கரத்தோடு பொருத்தும் இடம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. கையேட்டில் அதைத் தேடி, எண்ணை மாற்றி, பத்துச் சுற்றுக்கு எண்ணிப் பார்த்து, மறுபடி மாற்றினோம். ஐந்தாவது முறை 40 வந்தது.

இடையில் ஒரு கணக்கும் போட்டோம். இது ஜெர்மனியின் 01 வகை எஞ்சினின் மாதிரி, அளவு 87இல் ஒன்று. உண்மை எஞ்சினின் பெரிய சக்கர விட்டம் 2 மீட்டர், சுற்றளவு 6.28 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 2.65 சுற்று, அதாவது பத்துத் தட்டுகளுக்கு மேல். மாதிரியில் வேகமும் 87இல் ஒன்று, சக்கரமும் 87இல் ஒன்று. எனவே சுற்றுகளின் எண்ணிக்கை மாறாது, தாளம் அதேதான்.

எல்லாம் இப்படிச் சுருங்கி வருமா? டாப்ளர் விளைவு வராது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் உண்மை வண்டியின் ஊதல் நம்மைக் கடக்கும்போது இறங்கி ஒலிப்பதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். மாதிரியில் அந்த வேகம் வினாடிக்கு 32 சென்டிமீட்டர்தான். ஒலியின் வேகமோ சுருங்கவில்லை, வினாடிக்கு 343 மீட்டராகவே இருக்கிறது. அதிர்வெண் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கு, காதுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பில் டாப்ளர் கணக்கு நடத்தும்போது ரயிலையும் மாதிரி ரயிலையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள்.

பள்ளிக்கு இதை வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், விலை அப்படி. ஆனால் ஆர்டுயினோ பலகையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியாக மாற்றும் திறந்த மூல நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ரோபோ ஆர்வமுள்ள மாணவர்கள் இருக்கும் பள்ளிகளில் முயலலாம். மின்மாற்றியை மட்டும் ஆசிரியரே இணைக்க வேண்டும், மாணவர்களின் கை குறைந்த மின்னழுத்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

பெரியவருக்குத் தட்டு இப்போது சரி. ஊதல்தான் ஒப்பவில்லை. "அது வெளியூர் சத்தம்" என்கிறார். இந்த டீகோடரில் நம்முடைய சொந்தப் பதிவுகளை ஏற்ற முடியும், அதற்கு ஒரு தனிக் கருவி வேண்டும். மகன் அடுத்த விடுமுறைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இன்றும் நீராவி எஞ்சின் மலையேறுகிறது. அங்கே போய்ப் பதிவுசெய்ய வேண்டியவற்றின் பட்டியலைப் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள்: நிற்கும்போது, கிளம்பும்போது, ஊதல் நீளமாக, ஊதல் குட்டையாக, தண்ணீர் பிடிக்கும்போது. கடைசி வரியைப் பெரியவர் சொல்லி எழுதவைத்தார்: கரி போடும் மண்வெட்டியின் சத்தம். அங்கே ஓடும் எஞ்சின்களில் சில இப்போது எண்ணெயில் ஓடுகின்றன என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.